கோமளவல்லிக்கு ஆய்வு பார்த்த கதை

சிங்கம்புணரியில் மார்புப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்துத் திரும்பிய பெண்களை உடற்பயிற்சி ஆய்வுகள் வீடு தேடி வந்து பார்க்கும். நல்ல நாளில், ராகு காலத்துக்கு முன்பாக வரும். கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேசரியும் பஜ்ஜியும் கொடுத்தால் சாப்பிடும். சாப்பிட்ட பிறகு தான் கண்டதைச் சொல்லும். பிடித்துப்போனால், பெண் வீட்டார் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு ஆய்வை வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். அது நடக்கச் சொன்னால் அந்தப் பெண் நடப்பாள், எடை தூக்கச் சொன்னால் தூக்குவாள். ஆய்வு அமையாத பெண், அமைகிற வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் குறை இருந்ததில்லை.

ஆய்வு பார்வைக்கு ஓர் ஆள் மாதிரிதான் இருக்கும். ஆனால் தனியாக வராது. தன்னில் கலந்துகொண்ட பெண்கள் எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு வரும். அவர்கள் இறங்கித் தெருவில் இரண்டு வரிசையாக நிற்பார்கள். உடற்பயிற்சி செய்தவர்கள் ஒரு பக்கம், சும்மா இருந்தவர்கள் மறுபக்கம். அவர்களுக்கும் கேசரி கொடுத்தாக வேண்டும். அதனால் பெரிய ஆய்வு வருகிறது என்று தெரிந்தால் முதல் நாளே சமையல்காரரைச் சொல்லிவைத்துவிடுவார்கள்.

கோமளவல்லிக்குத் தை மாதத்தில் ஆய்வு பார்க்கத் தொடங்கினார்கள். அவள் கடைத்தெருவில் மாவு மில் வைத்திருந்தவள். அரிசி, கேழ்வரகு, மிளகாய், மல்லி, எதுவானாலும் சரி, டின்னை ஒரே தம்மில் தோளுக்கு மேலே தூக்கி மில்லின் வாயில் கவிழ்த்துவிடுவாள். ஆடி மாதம் இடப்பக்க மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்ததிலிருந்து மில் சாத்திக் கிடந்தது. பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, முளைத்தது. கதிர்வீச்சு என்கிற கரண்டு வைத்தியமும் முடிந்தது. கடைசி நாளன்று மதுரை டாக்டரம்மா, இடது கையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அது கனமான பொருளைத் தூக்கக் கூடாது என்று ஆயிற்று. வீட்டு வாசலில் இறங்கும்போது எதையுமே தூக்கக் கூடாது என்று ஆகிவிட்டிருந்தது.

அவள் கணவர் சொக்கலிங்கம் இதை விரதம் மாதிரி எடுத்துக்கொண்டார். காப்பி டம்ளரைக்கூட அவரே அவள் வாய்க்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரி வார்டில் இதே ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணின் கை தொடை மொத்தத்துக்கு வீங்கிக் கிடந்ததை அவர் பார்த்திருந்தார். அதைப் பார்த்த பிறகு அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. மனிதர் நிஜமாகவே பயந்துபோயிருந்தார். கோமளவல்லியின் இடது கை, யாரோ ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி அவள் மடியிலேயே கிடந்தது.

மாசி பிறந்தால் ஊரில் மொட்டைமாடியெல்லாம் மிளகாய் காயும். பங்குனியில் வருஷத்துக்கான மிளகாய்ப்பொடி அரைத்து வைப்பார்கள். அதற்குள் மில்லைத் திறந்துவிட வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மில்லை வேறு யாருக்காவது விட்டுவிடலாமே என்று சொந்தக்காரர்கள் யோசனை சொன்னார்கள். யோசனை சொல்ல நம் ஆட்களுக்குக் கேட்கவா வேண்டும். அவள் கவலை மில்லைப் பற்றியது இல்லை. தன் கையைத் தன்னிடம் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் அவள் கேட்டாள்.

விசாரிக்கிற பொறுப்பை அவளுடைய அண்ணன் வைரவன் ஏற்றுக்கொண்டார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடும்பத்தில் அவர் விசாரிக்காமல் எந்தச் சம்பந்தமும் நடந்ததில்லை. மாப்பிள்ளை வீட்டுத் தெருவுக்குப் போய், வாடகைக்கு வீடு பார்க்க வந்த மாதிரி டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் பேச்சுக் கொடுப்பார். ஒருமுறை, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்த மனைவியிடமே போய் வீடு காலியா என்று கேட்டுவிட்டு வந்தவர் அவர். ஆய்வுகளையும் அதே முறையில்தான் விசாரிப்பது வழக்கம்.

முதலில் வந்த ஆய்வு நல்ல நிறம், நல்ல உயரம், மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு வேன் நிறையப் பெண்கள். உடற்பயிற்சி செய்தவர்களுக்குச் சோர்வு போனது, தூக்கம் வந்தது, கை லேசானது, ஆயுளும் கூடியது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போயிற்று. சொல்லும்போது ஒருமுறைகூட எச்சில் விழுங்கவில்லை. வலப்பக்க வரிசையில் உடற்பயிற்சி செய்தவர்கள் பளிச்சென்று நின்றார்கள். இடப்பக்கத்தில் சும்மா இருந்தவர்களில் பலர் சுவரில் சாய்ந்திருந்தார்கள். சொக்கலிங்கத்துக்குக்கூடப் பிடித்துவிட்டது.

வைரவன் மட்டும் வாசலில் செருப்பைத் தேடியபடி, “எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்லுது ஆத்தா. அதான் எனக்கு இடிக்குது” என்றார்.

அவர் போய் விசாரித்த தெருவில் ஆய்வைப் பற்றி ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. நடக்க இருக்கிற காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று எல்லோரும் நல்லதையே சொல்வார்கள். வைரவன் டீ குடித்துவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். அங்கே பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு ஏதாவது இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டார். தங்களுக்கு ஊர் தெரியாது, அந்த ஆய்விலிருந்து பாதியில் இறங்கிவிட்டவர்கள் தாங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். ஒருத்திக்கு மூட்டு வலி. ஒருத்திக்கு மகள் பிரசவம். ஒருத்திக்குக் கை வலித்தது. எதற்காக இறங்கினீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. வேன் அவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்தது. வலப்பக்கமா இடப்பக்கமா என்பதை அந்தப் பெண்களே பார்த்துத் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். தெம்பு இருந்தவர்கள் உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சி செய்தவர்கள் தெம்பாக இருந்தார்கள். அதைத்தான் ஆய்வு கூடத்தில் உட்கார்ந்து அவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மறுப்பதற்கு அதுதான் மரியாதையான காரணம். ஆய்வும் வருத்தப்படாமல் மிச்சக் கேசரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

இரண்டாவதாக வந்த ஆய்வு நேர்மையானது. தன் பெண்களைத் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் இரண்டு வரிசையாகப் பிரித்திருந்தது. ஆனால் எல்லோரும் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிட்டார்கள். மேலும் அது பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தது. அடுத்த வருஷம் கை என்ன ஆகும் என்று கோமளவல்லி கேட்டபோது அது அழ ஆரம்பித்துவிட்டது. பால் காய்ச்சிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் வந்த ஒன்று, செருப்புக் கம்பெனி ஒன்றின் செலவில் வளர்ந்தது. பேசும்போதெல்லாம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்று, தன் பெண்களிடம் சோர்வு எப்படி இருக்கிறது என்று வாயால் கேட்டே எழுதிக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? நன்றாக இருக்கிறது என்றுதான் அவர்களும் சொல்லியிருந்தார்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய நினைத்த வேறோர் ஆய்வு, உடற்பயிற்சி செய்கிறோமா இல்லையா என்று தெரியாமல் இருப்பதற்காக எல்லோர் கண்ணையும் துணியால் கட்டியிருந்தது. அந்தப் பெண்களில் பலருக்குக் காலில் கட்டு இருந்தது.

மாசி முடியப்போயிற்று. தெருவெல்லாம் மிளகாய் நெடி. மில் எப்போது திறக்கும் என்று பெண்கள் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். இனிமேல் ஆய்வு பார்க்க வேண்டாம், இருக்கிற மாதிரியே இருந்துவிடலாம் என்று சொக்கலிங்கம் ஒரு மத்தியானம் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னார். கோமளவல்லிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

“நோவு என்னை உக்காரவைக்கலைங்க. நீங்க எல்லாரும் சேந்துதான் உக்காரவச்சிட்டீங்க” என்றாள்.

சொக்கலிங்கம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. அன்றைக்கு ஒரு விஷயம் அவளுக்குத் தோன்றியது. கூடத்துக்கு வந்த ஆய்வுகள் எல்லாமே எதையாவது கண்டுபிடித்த ஆய்வுகள். தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காத ஆய்வு ஒன்றுகூடவா உலகத்தில் இருக்காது? எந்தக் குடும்பத்திலும் பெண் பார்க்க வரும்போது கூட்டிவராத ஆட்கள் சிலர் இருப்பார்கள். அண்ணனைக் கூப்பிட்டு, தானும் இந்த முறை விசாரிக்க வருவதாகச் சொன்னாள்.

ஆய்வுகளின் பூர்வீக வீடு திருப்பத்தூர் ரோட்டில் இருந்தது. இரண்டு கட்டு வீடு. முன்கட்டில் லட்சணமான ஆய்வுகள் தலை வாரிப் பவுடர் பூசி, வேனுக்காகக் காத்திருந்தன. வைரவன் வழக்கம்போல வாடகைக்கு இடம் கேட்டார். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர் முன்கட்டு அறைகளைக் காட்டினார். பின்கட்டையும் பார்க்கலாமா என்று கோமளவல்லி கேட்டாள். அது வாடகைக்கு இல்லை, ஒன்றும் கண்டுபிடிக்காதவை அங்கே இருக்கின்றன என்று அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார். கோமளவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பின்கட்டுக்குப் போனாள்.

அங்கே பாயில் ஓர் ஆய்வு உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. சாயம் போன சட்டை. நல்ல பருமன். அதற்குப் பின்னால் முற்றம் கொள்ளாமல் பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து, அவர்களும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் அது பிரித்திருந்தது. பாதியில் விட்டுப்போனவர்களையும் வீடு வீடாகப் போய்க் கூட்டிவந்து, அவரவருக்குச் சீட்டு விழுந்த வரிசையிலேயே உட்காரவைத்திருந்தது. இரண்டு வருஷம் அவர்களோடு இருந்திருந்தது. யார் எந்த வரிசை என்றே தெரியாத ஒருத்தியை வெளியூரிலிருந்து வரவழைத்து, டேப் வைத்துக் கைகளை அளக்கச் சொல்லியிருந்தது. வைரவன் கேட்ட எந்தக் கேள்விக்கும் அது மழுப்பவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாடகை வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு நேரடியாக விசாரித்தார்.

“நீங்க என்ன கண்டீங்க?” என்று கோமளவல்லி கேட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றது ஆய்வு. “எடை தூக்கினா கை வீங்காம தடுக்கும்னு காட்டச் சொல்லி அனுப்புனாங்க. தடுக்கலை. தூக்கினவங்கள்ல கொஞ்சப் பேருக்கு வீங்குச்சு. தூக்காதவங்கள்லயும் ஏறக்குறைய அத்தனை பேருக்கு வீங்குச்சு. ஒரு வித்தியாசமும் இல்லை. அதான் என்னை வெளியில விடுறதில்லை.”

கோமளவல்லி பாயில் உட்கார்ந்துவிட்டாள். “தூக்கினதுனால கூடுதலா வீங்கலையா?”

“கூடுதலாவும் இல்லை, குறைச்சலாவும் இல்லை. ஆனா எடுத்த எடுப்புல தூக்கலை. அரைக் கிலோவுல ஆரம்பிச்சு, கை என்ன சொல்லுதுன்னு கேட்டுக் கேட்டுத்தான் கூட்டுனோம். பக்கத்துல விவரம் தெரிஞ்ச ஒருத்தி நின்னு பாத்துக்கிட்டா.”

சோர்வு என்ன ஆயிற்று என்று கேட்டாள். கொஞ்சம் குறைந்தது, நிறைய இல்லை என்றது. அவளும் ஒரு மொச்சையை எடுத்து உரித்தபடி கேட்டாள்.

“உசுரு?”

“அதை நான் பாக்கலைம்மா. பாக்காததை எப்படிச் சொல்ல?”

நோய் வந்த நாளிலிருந்து அவளிடம் எல்லோரும் ஒன்றும் ஆகாது, நூறு வயசு இருப்பாய் என்றே சொல்லியிருந்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்த ஆய்வுதான். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான். அழுதுகொண்டே, வீட்டுக்கு வந்துவிடுகிறீர்களா என்று கேட்டாள். ஆய்வு எழுந்து கையைக் கழுவியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள், அதற்கு அவ்வளவாகப் பேச வராது என்று மட்டும் சொல்லி மொச்சையைக் கட்டிக் கொடுத்தார்.

சிங்கம்புணரிக்கு அந்த ஆய்வு நாலு பஸ் நிறையப் பெண்களோடு வந்து இறங்கியது. மில்லுக்கு எதிரே புதிதாகப் போட்ட பந்தலில் அவர்கள் தங்கினார்கள். இந்த முறை சொக்கலிங்கம் தானே விசாரிக்கப்போவதாகச் சொன்னார். அவர் விசாரித்த முறை வேறு. பந்தி நடந்துகொண்டிருந்தபோது எல்லா வரிசையும் கலந்து உட்கார்ந்திருந்தது. அவர் சாம்பார் வாளியோடு ஒவ்வோர் இலையாகப் போய், ஒவ்வொரு பெண்ணின் கையையும் குனிந்து பார்த்தார். சில கைகள் வீங்கியிருந்தன. பெரும்பாலான கைகள் சாதாரணமாக இருந்தன. யார் தூக்கினவள், யார் தூக்காதவள் என்று ஒவ்வொருவருக்கும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துப் பிறகு கேட்டுக்கொண்டார். பாதி சரியாக இருந்தது, பாதி தப்பாக இருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு வைரவனிடம் வந்தார். “மச்சான், கையைப் பாத்தா யாரு எந்த வரிசைன்னு தெரியலை” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் நீளமாக மூச்சு விட்டார். ஆடி மாதத்துக்குப் பிறகு அவர் அப்படி மூச்சு விட்டு யாரும் பார்த்ததில்லை.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஆய்வு தன் முறையைச் சொன்னது. அதன் குடும்பத்தில் சீட்டுப் போடாமல் யாரும் எந்த வரிசையிலும் நிற்பதில்லை. கோமளவல்லிக்கும் சீட்டுப் போட வேண்டும். சும்மா இருக்கிற வரிசை விழுந்தால் என்ன செய்வது என்று வைரவன் கேட்டார். சும்மா இருக்க வேண்டும் என்றது ஆய்வு. தூக்குகிற வரிசையில் இருப்பவர்களும் இஷ்டப்பட்டுத் தூக்கியவர்கள் இல்லை, சீட்டு விழுந்ததால் தூக்கியவர்கள். அது நியாயம்தான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கோமளவல்லியும் ஒத்துக்கொண்டாள். ஆனால் அவள் முகம் செத்துப்போயிற்று. இவ்வளவு தேடி அலைந்து, கடைசியில் மறுபடியும் அந்த நாற்காலிக்கே போக நேரலாம்.

கோயிலில் சாமி முன்னால் சீட்டுப் போட்டார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகப் போடுவதுதான் ஆய்வின் முறை. அதனால் இரண்டு சீட்டு எடுக்க வேண்டும். பூசாரி தட்டைக் குலுக்கும்போது சொக்கலிங்கம் அவள் பக்கத்தில் நின்று கண்ணை மூடினார். மறுபடி திறந்தார்.

“எனக்கு என்ன வேண்டிக்கிறதுன்னே தெரியலை கோமளா.”

“நான் கேக்குறதையே நீங்களும் கேளுங்க” என்றாள் அவள்.

அவர் அப்படியே செய்தார். பூசாரி முதல் சீட்டைப் பிரித்து வாசித்தார். இடது கைக்குத் தூக்குகிற வரிசை. கோமளவல்லி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது சீட்டையும் பிரித்தார். வலது கைக்குச் சும்மா இருக்கிற வரிசை. தீபாராதனை காட்டி விபூதி கொடுத்தார்.

பங்குனி முதல் வாரத்தில் மில்லைத் திறந்தார்கள். ஷட்டரை வைரவன் தூக்கினார். கோமளவல்லி அரைக் கிலோ மல்லியை இடது கையால் எடுத்துத் தோளுக்கு மேலே கொண்டுபோனாள். அக்குளில் ஒரு நரம்பு இழுத்தது. அவள் நிறுத்தி, அது என்ன சொல்கிறது என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற ஆய்வும் கேட்டது. கை மேலே போகச் சொன்னது. மல்லி மில்லின் வாயில் விழுந்து, இயந்திரம் இரைந்து, துணிக்குழாய் வழியாகப் பொடி இறங்கியது. தெரு முழுக்க மல்லி வாசம். பங்குனி கடைசிக்குள் அந்தக் கை மிளகாய் டின்னைத் தூக்கப் பழகிவிட்டது. அரைத்ததை அவள் இடது கையாலேயே கொடுத்தாள். வீட்டில் விசேஷம் வைத்திருந்தவர்கள்கூட மறுப்புச் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள்.

வலது கை தினமும் காலையில் மில் திறந்ததும் தோளிலிருந்து இறங்கி, சைக்கிள்களுக்கு வழிவிட்டுத் தெருவைக் கடந்து, எதிர்ப் பந்தலில் சும்மா இருக்கிற வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே இருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் மில்லைச் சாத்தியதும் சொக்கலிங்கம் போய் அதைக் கூட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் வரும் வழியில் அது வளையல் கேட்டது. அவர் கடையில் நிறுத்தி, அதற்குப் பிடித்த நிறத்தில் வாங்கிப் போட்டுவிட்டார்.